22 நிமிஷம் நின்ன பிளாஸ்மா: உள்ளே யாருமே அவ்வளவு நேரம் நிக்கல

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த "அதாவது"களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

2025 பிப்ரவரி 12 அன்று, தெற்கு பிரான்ஸில் இருக்கிற வெஸ்ட் என்ற ஃப்யூஷன் இயந்திரம் ஒரு பிளாஸ்மாவை 1337 விநாடி அணையவிடாமல் வைத்திருந்தது. 22 நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேல. (1337-ங்கிற நம்பரைப் பார்த்ததும் நம்ம கோடிங் ஆளுங்க எத்தனை பேர் சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்.) அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் சீனாவோட ஈஸ்ட் இயந்திரம் 1066 விநாடி நின்றிருந்தது. அந்தச் செய்தியைப் பகிர்ந்தப்போ ஒரு நேயர் கேட்டாங்க: "அப்போ அந்த ஹைட்ரஜன் எல்லாம் 22 நிமிஷம் உள்ளேயே சுத்திக்கிட்டு இருந்துச்சா?"

இல்லை. உள்ளே இருந்த எந்தத் துகளும் ஒரு தடவை நுழைஞ்சா சராசரியா ஒரு விநாடிகூட நின்றிருக்காது. வெளியே போய், சுவத்துல மோதி, திரும்ப உள்ளே வந்து, மறுபடி வெளியே போய்... இப்படி ஆள் மாறிக்கிட்டே இருக்கும். கூட்டம் அதே கூட்டம்தான், ஆனா ஆட்கள் வேற. தி.நகர் ரங்கநாதன் தெரு சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை நிரம்பி இருக்குன்னா, யாரும் ரெண்டு மணி நேரம் அங்கேயே நிக்கறாங்கன்னு அர்த்தம் இல்லையே.

சரி, ஒரு துகள் எவ்வளவு நேரம் நிக்குது, எந்தப் பக்கம் நகருது, எவ்வளவு வேகமா நகருதுன்னு எப்படி அளக்கறாங்க? வெப்பநிலையைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, பத்து கோடி டிகிரி, சூரியனைவிடச் சூடு அப்படின்னு. துகள் நகர்வைப் பத்தி யாரும் பேசறதில்ல. எனக்கு இதுதான் சுவாரசியமான கேள்வியா தெரியுது, ஏன்னா பதில் சொல்ல நம்ம நாட்டு இயந்திரம் ஒண்ணே போதும்.

குஜராத்தில் காந்திநகர் பக்கத்துல பட் என்ற ஊர்ல இருக்கு பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம். 1982-இல் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு திட்டமா ஆரம்பிச்சு, 1986-இல் தனி நிறுவனம் ஆச்சு. முதல் இயக்குநர் பிரதிமன் கௌ. அங்கே 1989-இல் ஓட ஆரம்பிச்சது ஆதித்யா, இந்தியாவிலேயே வடிவமைச்சுக் கட்டின முதல் டோகமாக். டோகமாக்னா மெதுவடை வடிவத்துல ஒரு வெற்றிடப் பாத்திரம், சுத்திலும் காந்தச் சுருள்கள். மின்னேற்றம் உள்ள துகள் காந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு சுத்தும், குறுக்கே சுலபமா போகாது. அதனால சுவத்தைத் தொடாமல் சூடான பிளாஸ்மாவை வைக்கலாம். இதுதான் கோட்பாடு.

ஆதித்யாவோட அளவு: வடையோட நடுவிலிருந்து சதையின் மையம் வரை 75 செ.மீ., அந்தச் சதையின் ஆரம் 25 செ.மீ. கணக்குப் போட்டா பிளாஸ்மாவோட கன அளவு சுமார் 0.9 கன மீட்டர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் அளவு. அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஒன்றரைக்குப் பின்னால 19 அடுக்கு எலக்ட்ரான்னு வச்சுக்குவோம். பெரிய நம்பரா தெரியுது. ஆனா நம்ம வீட்டுக் காத்தோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை. அந்த மொத்தப் பிளாஸ்மாவையும் குளிரவெச்சு சாதாரண அழுத்தத்துல ஹைட்ரஜன் வாயுவா மாத்தினா 0.3 மில்லி லிட்டர்கூட தேறாது. ஊசி மருந்து போடற சிரிஞ்ச்ல முதல் கோட்டுப் பக்கம். அவ்வளவு வாயுதான் ஒரு ஃப்ரிட்ஜ் இடத்தை நிரப்பிக்கிட்டு லட்சக்கணக்கான டிகிரியில சுத்துது.

இப்போ காந்தம் தடுத்தும் துகள்கள் மெதுவா குறுக்கே கசியுது. அந்தக் கசிவை ஒரு எண்ணா சொல்லுவாங்க, பரவல் எண். டோகமாக் உலகத்துல பரவலா புழங்கற ஒரு தோராய மதிப்பு விநாடிக்கு 1 சதுர மீட்டர். 25 செ.மீ.யின் வர்க்கத்தை இதால வகுத்து, உருளை வடிவத்துக்காக வர்ற 5.8 என்ற எண்ணால மறுபடி வகுத்தா கிடைக்கிறது 11 மில்லி விநாடி. ஆதித்யாவில ஒரு பிளாஸ்மா 100 மில்லி விநாடி நிக்கும்னா, அதுக்குள்ள மொத்தக் கூட்டமும் ஒன்பது தடவை மாறியாச்சு.

பேக்எண்ட் வேலை பார்க்கறவங்களுக்கு இது பழைய விஷயம். க்யூவில் எத்தனை ரிக்வஸ்ட் நிக்குதோ, அது சமம் வர்ற வேகம் பெருக்கல் ஒவ்வொண்ணும் நிக்கற நேரம். லிட்டில் விதின்னு படிச்சிருப்பீங்க. பிளாஸ்மாவிலும் அதேதான். உள்ளே எத்தனை துகள் இருக்குன்னு அளந்து, விநாடிக்கு எத்தனை புதுசா வருதுன்னு அளந்து, வகுத்தா சராசரி தங்கும் நேரம் கிடைச்சிரும்.

கேக்க சிம்பிளா இருக்கு. ஆனா அது ஒரு மொத்தச் சராசரி. நமக்கு வேண்டியது உள்ளே ஒவ்வொரு இடத்திலும் என்ன நடக்குதுன்னு. ஏன் வேணும்? டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்தா ஹீலியமும் நியூட்ரானும் வரும். எரிபொருள் நடுவுக்குப் போகணும், அங்கேதான் சூடு. எரிஞ்ச சாம்பலான ஹீலியம் தன்னோட சூட்டைக் கொடுத்துட்டு வெளியே போயிடணும், தங்கிட்டா எரிபொருளுக்கு இடம் இல்லை. சுவத்திலிருந்து பிச்சுக்கிட்டு வர்ற உலோகம் உள்ளேயே வரக்கூடாது. டங்ஸ்டன் மாதிரி 74 எலக்ட்ரான் வச்சிருக்கிற கனமான அணு உள்ளே போனா, சூட்டை எல்லாம் ஒளியாவும் எக்ஸ் கதிராவும் வீசிக் கரைச்சிடும். பத்தாயிரத்துல ஒண்ணு இருந்தாலே அதிகம். இந்தியாவும் 2005-லிருந்து பங்காளியா இருக்கிற ஈட்டர் திட்டத்துல, 2023-இல் உள்சுவத்தையே பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாத்த முடிவு பண்ணாங்க. ஆக ஒரே காந்தக் கூண்டுக்குள்ள ஒருத்தர் உள்ளே போகணும், ஒருத்தர் வெளியே வரணும், ஒருத்தர் வாசலைத் தாண்டவே கூடாது. யார் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா போறாங்கன்னு அளக்கத் தெரியலைன்னா மின்சாரம் எடுக்கற பேச்சே இல்லை.

இப்போ ஒரு புதிர். ஹைட்ரஜன் வாயுவை ஓரத்துல இருக்கிற வால்வு வழியா விடறாங்க. அது கொஞ்ச தூரம் போறதுக்குள்ளேயே அயனியா மாறிடும். அதாவது புது ஆட்கள் எல்லாரும் ஓரத்துல மட்டும்தான் ஏறறாங்க. வெறும் பரவல் மட்டும் இருந்தா, நடுவுலயும் ஓரத்துக்கு உள்ளேயும் அடர்த்தி ஒரே மட்டமா இருக்கணும். ஆனா அளந்து பார்த்தா பல டோகமாக்குகள்ல நடுவுலதான் கூட்டம் அதிகம்.

சென்னை மாநகரப் பேருந்தை நினைச்சுக்கோங்க. எல்லாரும் படியில ஏறறாங்க. ஆட்டத்துல நெருக்கடியான இடத்திலிருந்து காலியான இடத்துக்கு ஆள் தன்னால நகர்வாங்க, அது பரவல். ஆனா நடுவுல நெருக்கம் அதிகமாகணும்னா இன்னொண்ணு வேணும்: "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தானே இருக்கு"ன்னு கண்டக்டர் போடற சத்தம். காலியா இருக்கோ இல்லையோ அவர் சொல்லிக்கிட்டேதான் இருப்பார். அதுக்குப் பேர் இழுப்புன்னு வச்சுக்கலாம், கூட்டத்தை ஒரு திசையில தள்ளுற வேகம். பிளாஸ்மாவிலும் அப்படி உள்பக்க இழுப்பு இருக்கு.

இப்போ ஓடற பஸ்ஸோட ஒரு போட்டோவை மட்டும் கையில குடுத்து, கண்டக்டர் எவ்வளவு கத்தறார், ஆட்கள் எவ்வளவு ஆடறாங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? நடுவுல கூட்டம் அதிகம், அதனால ஆட்டத்தோட ஒப்பிட்டா கத்தல் அதிகம். அவ்வளவுதான் சொல்ல முடியும். கத்தலையும் ஆட்டத்தையும் ரெண்டு மடங்காக்கினா போட்டோ மாறவே மாறாது. பத்து மடங்காக்கினாலும் அதே போட்டோ. நிலையா நிக்கற பிளாஸ்மாவோட அடர்த்திப் படத்திலிருந்து இழுப்புக்கும் பரவலுக்கும் உள்ள விகிதம் மட்டும்தான் கிடைக்கும். தனித்தனியா ரெண்டும் கிடைக்காது. இதுல எந்த சென்சாரோட குறையும் இல்லை. எவ்வளவு துல்லியமா அளந்தாலும் அந்தப் படத்துல அந்தத் தகவலே கிடையாது.

எனக்கு இது மண்டையில ஏறினது அமிர்தியில. வேலூர்லேர்ந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். வனத்துறையோட சின்ன விலங்குக் காட்சிச்சாலை ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டி நடந்தா அருவி. மழை முடிஞ்ச சமயம் போயிருந்தோம், தண்ணி நல்லாவே ஓடிச்சு. கூட வந்த காலேஜ் நண்பன் சிவில் படிச்சவன், நீர்வளத் துறையில கன்சல்டன்ட்டா இருக்கான். பாறை மேல உக்காந்து ஓடையை போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். அவன் கேட்டான், "மச்சி, இந்தப் போட்டோவைப் பார்த்து விநாடிக்கு எத்தனை லிட்டர் போகுதுன்னு சொல்லு பாப்போம்."

"எப்படிடா சொல்றது? ஆழம் தெரியும், அகலம் தெரியும், வேகம் தெரியாதே."

"அதான். இந்த மாதிரி பாறை ஓடையில மீட்டர் வச்சும் அளக்க முடியாது. உப்பு கொட்டணும்."

மலை ஓடைகளுக்கு நிஜமாவே இதுதான் முறை. ஒரு அளவு உப்பைக் கரைச்சு மேலே ஒரே தடவையில ஊத்துவாங்க. கீழே ஒரு இடத்துல தண்ணியோட மின்கடத்தும் தன்மையை விநாடிக்கு விநாடி பதிவு பண்ணுவாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் வரைகோடு ஒரு மேடு மாதிரி எழும்பி, மெதுவா இறங்கும். அந்த மேடு எவ்வளவு தாமதமா வந்ததோ அது நீரோட்டத்தோட வேகம். எவ்வளவு அகலமா பரந்து வந்ததோ அது கலக்கம், அதாவது பரவல். போட்டோவில ஒட்டிக்கிட்டிருந்த ரெண்டு எண்ணும் பிரிஞ்சு தனித்தனியா வந்திருச்சு. (நாங்க உப்பு கொட்டல. அது காட்டு விலங்குகள் தண்ணி குடிக்கற இடம், வனத்துறைகிட்ட அடி வாங்க எங்களுக்கு ஆசையும் இல்லை.)

டோகமாக்கில அந்த உப்பு, வால்வு வழியா சட்டுனு விடற ஒரு சின்ன வாயுத் துடிப்பு. காஸ் பஃப்னு சொல்லுவாங்க. சில இயந்திரங்கள்ல உறைஞ்ச ஹைட்ரஜன் குண்டைச் சுடுவாங்க, சில இடத்துல ஒரு மெல்லிய உலோகப் படலத்தை லேசரால ஆவியாக்கி உள்ளே தள்ளுவாங்க. இல்லைன்னா வால்வை ஒரே தாளத்துல திறந்து மூடி, அந்தத் தாளம் உள்ளே ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு தேய்ஞ்சு, எவ்வளவு பிந்தி வருதுன்னு பார்ப்பாங்க. பிந்தலும் தேய்மானமும் சேர்ந்து இழுப்பையும் பரவலையும் பிரிச்சுக் கொடுக்கும்.

சரி, உள்ளே அடர்த்தி ஏறி இறங்குதுன்னு எப்படித் தெரியும்? லட்சம் டிகிரியில கம்பியா விட முடியும்? ஆதித்யாவில 100 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் அலையை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணைப் பிளாஸ்மா வழியாவும் இன்னொண்ணை வெளியேயும் அனுப்பி, கடைசியில சேர்த்து ஒப்பிடுவாங்க. பிளாஸ்மாவுக்குள்ள போன அலையோட முகடுகள் முந்திக்கும். வழியில எத்தனை எலக்ட்ரானோ அதுக்கேத்த முந்தல். மேலே சொன்ன அடர்த்திக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், நடுவழியா போற அலை சுமார் 10 முழுச் சுத்து முந்தும். அடர்த்தி திடீர்னு தாவினா எண்ணிக்கிட்டிருக்கிற மின்னணுக் கருவி ஒரு சுத்தைத் தவறவிடும். அதுக்கப்புறம் வர்ற எல்லா மதிப்பும் ஒரு சுத்து தப்பாவே இருக்கும். ஓவர்ஃப்ளோ பக் தேடி ராத்திரி முழிச்சவங்களுக்கு இந்த வலி புரியும்.

இன்னொரு சிக்கல், அலை குறுக்கே போன பாதை முழுக்க இருக்கிற கூட்டுத்தொகையைத்தான் சொல்லும். எந்த ஆழத்துல எவ்வளவுன்னு சொல்லாது. அதுக்கு வெவ்வேறு உயரத்துல பல அலைகளை அனுப்பணும். ஓரத்தை மட்டும் உரசிப் போறது வெளித்தோலைச் சொல்லும். அடுத்தது ரெண்டு தோலைச் சேர்த்துச் சொல்லும், முதல் தோலைக் கழிச்சா ரெண்டாவது கிடைக்கும். வெங்காயம் உரிக்கற மாதிரி. ஆராய்ச்சிக் கட்டுரைகள்லேயே இதுக்கு வெங்காயம் உரித்தல்னுதான் பேர். வெளியே பண்ண சின்னத் தப்பு ஒவ்வொரு தோலுக்கும் சேர்ந்துக்கிட்டே வந்து நடுவுல பெருசா நிக்கும். நமக்கு ரொம்பத் தேவையான இடமும் அந்த நடுதான்.

அடர்த்தி ஆச்சு. விநாடிக்கு எத்தனை பேர் புதுசா ஏறறாங்க? இதுக்கு பதில் சிவப்பு வெளிச்சத்துல இருக்கு. ஹைட்ரஜன் அணு அயனியாகறதுக்கு முன்னாடி சில சமயம் 656.3 நானோமீட்டர்ல ஒரு சிவப்பு ஒளித்துகளை விடும். எச்-ஆல்ஃபா கோடு. ஓரத்துல வழக்கமா இருக்கிற சூழ்நிலையில தோராயமா 15 அணு அயனியானா ஒரு ஒளித்துகள். சிவப்பு ஒளியை எண்ணி 15-ஆல பெருக்கினா புது வரவு. அமிர்தி இருக்கிற அதே ஜவ்வாது மலையிலதான் காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இருக்கு. 1986-இல் அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே. ஓரியன் நெபுலா படத்துல நீங்க பார்க்கற சிவப்பு இதே 656.3 நானோமீட்டர்தான். நட்சத்திரம் பிறக்கற வாயு மேகத்துக்கும் குஜராத்தில இருக்கிற எஃகுப் பாத்திரத்துக்கும் ஒரே ஃபில்டர் பொருந்தும்.

ஆனா என் கருத்தைச் சொல்றேன்: இந்த மொத்த அளவீட்டுச் சங்கிலியில நான் ரொம்பக் கொஞ்சமா நம்பற கண்ணி இதுதான். வாயு வடை முழுக்கச் சமமா வர்றதில்ல. வால்வு பக்கத்துல அதிகம், பிளாஸ்மா உரசற தடுப்புப் பக்கத்துல அதிகம், மத்த இடத்துல கம்மி. டிடெக்டர் வைக்கக் கிடைக்கிறதோ சில ஜன்னல்கள் மட்டும். ரெண்டு வாசல்ல நின்னு எண்ணிட்டு மொத்த மாலோட கூட்டத்தைச் சொல்ற மாதிரி. அடர்த்தி எவ்வளவு துல்லியமா இருந்தாலும் வரவு தப்புன்னா தங்கும் நேரமும் தப்பாத்தான் வரும்.

இதெல்லாம் மறைமுக வழி. நேரடியா ஓட்டத்தையே அளக்க முடியாதா? ஓரத்துல முடியும். அங்கே வெப்பம் கம்மி, சின்ன உலோக முனைகளை உள்ளே நீட்டலாம். லாங்மியூர் ப்ரோப். ஒரு முனை அடர்த்தியோட ஏற்ற இறக்கத்தைச் சொல்லும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு முனை மின்னழுத்த வித்தியாசத்தைச் சொல்லும், அதை முனைகளுக்கு நடுவுல உள்ள தூரத்தாலயும் காந்தப் புலத்தாலயும் வகுத்தா பிளாஸ்மா எந்த வேகத்துல உள்ளேயோ வெளியேயோ ஆடுதுன்னு தெரியும். அடர்த்தி ஆட்டத்தையும் வேக ஆட்டத்தையும் ஒவ்வொரு கணமும் பெருக்கி, சராசரி எடுத்தா அதுதான் வெளியேறும் ஓட்டம். வெளியே ஆடற நேரமும் உள்ளே ஆடற நேரமும் சமமாவே இருக்கட்டும். வெளியே ஆடறப்போ மட்டும் கூட்டம் கொஞ்சம் அதிகமா இருந்தா, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சில பேர் வெளியே போயிடுவாங்க.

இந்த இடத்துல ஆதித்யாவுக்கு ஒரு பெருமை உண்டு. 1992-இல் ஜா, கௌ, மட்டூ, ராவ், சக்சேனா, அப்புறம் ஆதித்யா குழு சேர்ந்து ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. டோகமாக் ஓரத்துக் கொந்தளிப்பு சீரா மணி அடிச்ச மாதிரி நடக்கல, விட்டு விட்டு வெடிப்பு வெடிப்பா நடக்குது அப்படின்னு. சர்வர் பார்க்கறவங்க பாஷையில சொன்னா, சராசரி லேட்டன்சி பார்த்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு நினைக்காதே, வாலைப் பாரு. உலகம் முழுக்க டோகமாக் ஓரத்துல பிளாஸ்மா கட்டி கட்டியா பிச்சுக்கிட்டு வெளியே பறக்கறதை அப்புறம் நிறைய ஆய்வுக்கூடங்கள்ல பார்த்தாங்க. மூணே வயசான இயந்திரத்திலிருந்து, கம்பி முனையை வச்சு எடுத்த டேட்டாவிலிருந்து வந்தது இது.

நடுவுக்கு ப்ரோப் போகாது, உருகிடும். உள்ளே போகணும்னா ஒளிதான் வழி. 2013-இல் நியூக்ளியர் ஃப்யூஷன் இதழ்ல வந்த ஆதித்யா ஆய்வு ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுல உப்பு கொட்டவே இல்லை. உப்பு ஏற்கெனவே தண்ணியில இருந்தது. எந்த வெற்றிடப் பாத்திரமா இருந்தாலும் சுவத்துல கொஞ்சம் நீராவி ஒட்டியிருக்கும், அதிலிருந்து ஆக்ஸிஜன் பிளாஸ்மாவுக்குள்ள வரும். உள்ளே போகப் போக சூடு ஏறும், ஒவ்வொரு எலக்ட்ரானா இழக்கும். நாலு எலக்ட்ரானை இழந்த ஆக்ஸிஜன் 650 நானோமீட்டர்ல ஒளிரும், எச்-ஆல்ஃபாவுக்குப் பக்கத்து வீட்டுச் சிவப்பு. அடுத்த எலக்ட்ரானும் போயிட்டா அந்த ஒளி நின்னுடும்.

இப்போ பாருங்க. நாலாவது எலக்ட்ரான் போனதுக்கும் அஞ்சாவது போறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு அணு இயற்பியல் சொல்லும், அடர்த்தியும் வெப்பமும் தெரிஞ்சா போதும். அந்த நேரத்துக்குள்ள அயனி எவ்வளவு தூரம் நகர்ந்ததுன்னு ஒளிரும் வளையத்தோட அகலமும் இடமும் சொல்லும். வேகமா நகர்ந்தா வளையம் அகலமா பரவி இருக்கும், மெதுவா நகர்ந்தா ஒல்லியா ஒரே இடத்துல. நிலையான போட்டோவில வேகம் தெரியாதுன்னு சொன்னேன் இல்லையா? இங்கே ஒவ்வொரு அயனியும் தன் மணிக்கட்டுல கடிகாரம் கட்டிக்கிட்டு வருது. அதனால நிலையான படமே போதும்.

எட்டு கோணத்துல ஸ்பெக்ட்ரோமீட்டரை வச்சு அந்த ஒளியை எடுத்து, மேலே சொன்ன வெங்காய வகையறாக் கணக்கால வளையமா மாத்தி, ஸ்ட்ரால் என்ற நிரலோட கணிப்பு அதோட பொருந்தற வரைக்கும் பரவல் எண்ணை மாத்திப் பார்த்தாங்க. (ஸ்ட்ரால்னா ஜெர்மன்ல கதிர்.) ஓரத்துல கிடைச்ச உச்சம்: வடையோட ஓட்டைப் பக்கம் விநாடிக்கு சுமார் 30 சதுர மீட்டர், வெளிப்பக்கம் சுமார் 45. தடுப்பு இருக்கிற ஆரத்துல வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. வெறும் மோதல்களை மட்டும் வச்சுப் போடற கோட்பாட்டுக் கணக்கைவிட இதெல்லாம் மிக மிக அதிகம். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் கொந்தளிப்புதான்னு அவங்க சொல்றாங்க, 1992-இல் ப்ரோப் முனையில தெரிஞ்ச அதே ஓரம். வெளிப்பக்கம் காந்தப் புலம் பலவீனம், கொந்தளிப்புக்கு அங்கே கொண்டாட்டம்.

இதுல ஒண்ணு கவனிக்கணும். 30-ம் 45-ம் எந்த மீட்டர்லேயும் நேரா காட்டின எண் கிடையாது. ஒளியை அளந்தாங்க, வெப்பத்தையும் அடர்த்தியையும் உள்ளீடா கொடுத்தாங்க, நிரல் பொருத்திச் சொன்னது அது. டோகமாக் துகள் நகர்வு எண்கள் எல்லாமே இந்த ஜாதிதான். அதனால நம்பக்கூடாதுன்னு சொல்லல. ஆனா ஒரு பரவல் எண்ணைப் பார்த்தா, எந்தக் கடிகாரத்தை வச்சு எடுத்தாங்கன்னு நான் முதல்ல தேடுவேன். வாயுத் துடிப்பா, அயனியாகும் நேரமா, ப்ரோப் பெருக்கலா? கடிகாரமே இல்லாம வெறும் நிலைப்படத்திலிருந்து ரெண்டு எண்ணையும் தனித்தனியா யாராவது சொன்னா, எங்கேயோ ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு.

வாயுத் துடிப்புக்கும் ஒரு வம்பு உண்டு. ஆதித்யாவிலேயே 2009-இல் வெளியான ஆய்வு அது. காஸ் பஃப் கொடுத்ததும் ஓரத்துல இருந்த கொந்தளிப்பு அடங்குது. யோசிச்சுப் பாருங்க. ஓடையை அளக்க உப்பைக் கொட்டினா, ஓடையோட வேகமே மாறிடுச்சு. பஸ்ல கூட்டம் எப்படி நகருதுன்னு பார்க்க இருபது பேரை ஏத்தினா, டிரைவர் பயந்து மெதுவா ஓட்ட ஆரம்பிச்சுட்டார். அளவீட்டுக்காரங்களுக்கு இது தலைவலி. துடிப்பைச் சின்னதா வச்சா சிக்னல் இரைச்சல்ல மூழ்கிடும், பெருசா வச்சா அளக்க வந்த விஷயமே மாறிடும். ஆனா பிளாஸ்மாவை அடக்கி வைக்க நினைக்கறவங்களுக்கு இது ஒரு கைப்பிடி. ஓரத்துக் கொந்தளிப்பை ஒரு வால்வால அடக்க முடியும்னா ஏன் வேண்டாம்?

சின்னத் துடிப்பு வேணும்னா ஒரே வழி, நிறைய தடவை திரும்பச் செஞ்சு சராசரி எடுக்கணும். இங்கேதான் பிளாஸ்மா எவ்வளவு நேரம் நிக்குதுங்கறது நிஜமாவே முக்கியமாகுது. 20 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்புன்னு வச்சா, 100 மில்லி விநாடி பிளாஸ்மாவில அஞ்சு துடிப்பு. அதுலயும் ஏற்றமும் இறக்கமும் போக நடுவுல ரெண்டு மூணுதான் உருப்படி. ஆதித்யாவைப் பிரிச்சு, பாத்திரத்தையும் சுருள்களையும் மாத்தி ஆதித்யா-யூவா கட்டினாங்க, 2016 டிசம்பர்ல முதல் பிளாஸ்மா. அதுல 300 மில்லி விநாடிக்கு மேல நிக்குது. அதே தாளத்துல பதினஞ்சு துடிப்பு. வெஸ்ட்டோட 1337 விநாடியில அறுபத்தாறாயிரத்துக்கும் மேல. 22 நிமிஷச் செய்தியை நான் இப்போ அப்படித்தான் படிக்கறேன், எத்தனை தடவை உப்பு கொட்டலாம்னு.

வேற கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சா புண்ணியமா போகும்.